கண்ட்ரோல் எச்

பினாங்கில் நடக்கிற தமிழ்க் கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம் இவற்றில் பாதிக்காவது முதல் சேதி எங்கள் மாடிக்குத்தான் வரும். டத்தோ கிராமாட்டில் பழைய அடுக்குமாடிக் கட்டடம் எங்களுடையது. மூன்றாவது மாடியில் கடைசி வீடு லோகேஸ்வரியுடையது. அதற்கு முந்தினது நான் இருக்கும் வீடு. முகம்மது கனி பாயின் அச்சுக்கடைக்கு அவள்தான் தமிழ் டைப் செய்து கொடுக்கிறாள். விசேஷ வீட்டுக்காரர்கள் பெயர்களை வாட்சாப்பில் அனுப்பிவிடுவார்கள். யார் திருவளர்ச்செல்வி, யார் திருநிறைச்செல்வன், தாய்மாமன் எந்த வரியில், பெரியப்பா எந்த வரியில் என்று முறைப்படி அடுக்கிக் கடைக்கு அனுப்புவாள். அங்கே பூவும் பிள்ளையாரும் சேர்த்து அச்சடிப்பார்கள். லோகா டைப் பண்ணினால் திரும்பப் பார்க்கவே வேண்டாம் என்று கனி பாய் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தச் சொல்லை வைத்துத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஏனென்றால் அவள் புருஷன் தயாளன் அண்ணனுக்கு வேலை போய்விட்டது. பாயான் லெப்பாசில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். கிடங்கைத் தூக்கி வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஜாகா என்கிற காவல் வேலைக்குப் போய்ப் பார்த்தார். ராத்திரி முழுக்க நின்றதில் முட்டி வீங்கிப் போனதுதான் மிச்சம். அப்புறம் வீட்டோடு இருந்தார். துணி துவைப்பார், சோறு வடிப்பார். ஆனால் துவைத்த துணியை நடைபாதைக் கொடியில் காயப்போட மட்டும் மற்ற வீட்டுப் பொம்பளைகள் எல்லாம் உள்ளே போகட்டும் என்று காத்திருப்பார். வாளியோடு கதவுக்குப் பின்னால் அவர் நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்த மாதிரி நான் காட்டிக்கொள்வதில்லை.

லோகேஸ்வரிக்கு வலது மணிக்கட்டில் வலி. வருஷக்கணக்கில் மௌசைப் பிடித்துத் தேய்த்த கை. கிளினிக்கில் அந்தக் கைக்கு வேலையைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அதனால் மௌசை ஒதுக்கி வைத்துவிட்டு இடது கையாலேயே பாதி வேலையை முடிக்கப் பழகிக்கொண்டாள். சுண்டு விரலால் மூலையில் இருக்கும் கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டு இன்னொரு விரலால் ஓர் எழுத்தைத் தட்டுவாள். சி தட்டினால் எடுக்கும், வி தட்டினால் வைக்கும், இசட் தட்டினால் செய்தது செய்யாததாகிவிடும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தயாளன் அண்ணன் அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பைராம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தவர் அவர். படித்தவர் என்று சொல்ல முடியாது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், டைப் அடிக்க வராது. ஆனால் இந்த வேலைக்கு டைப் அடிக்கவே தேவையில்லை என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். பெயர்கள் வாட்சாப்பில் வந்து கிடக்கின்றன. பழைய கார்டுகள் கம்ப்யூட்டரில் அடுக்கி இருக்கின்றன. இங்கே இருந்து தூக்கி அங்கே வைக்க வேண்டியதுதான். ஃபோர்க்லிஃப்டில் அவர் வாழ்நாளெல்லாம் செய்தது அதுதானே. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவன் பார்ப்பதில்லை. வண்டி முள்ளைப் பெட்டியின் அடிப்பலகைக்குள் விட்டோமா, தூக்கினோமா, ரேக்கில் வைத்தோமா, அவ்வளவுதான்.

அதிலும் கண்ட்ரோல் எச் தெரிந்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய பெயர் ஒரு கட்டத்தில், புதுப் பெயர் ஒரு கட்டத்தில். ஒரு தட்டுத் தட்டினால் கார்டில் எங்கெங்கே பழைய பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் புதுப் பெயர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. "பாத்தியா தம்பி, ஒரு கொந்தேனர் பெட்டி சாமானை ஒரே தூக்கு" என்றார். வேலை போன பிறகு அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. லோகேஸ்வரியும் சிரித்தாள். மெதுவாகப் பண்ணினாலும் படித்துப் பார்த்துப் பண்ணச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் கை முடியாத நாட்களில் அவர் செய்து அனுப்பினார். கனி பாய்க்கு அது தெரியாது. எல்லாம் லோகாவின் பெயரில்தான் போனது.

சின்னையா வீட்டுக் கல்யாண வேலை வந்தது அந்தச் சமயத்தில்தான். சின்னையா தயாளன் அண்ணனின் கிடங்குக் கூட்டாளி. ஒருத்தர் பகல் ஷிப்டு, ஒருத்தர் ராத்திரி ஷிப்டு, ஒரே வண்டி. சீட்டுச் சூடு ஆறுவதற்குள் மாறி உட்காருவோம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சின்னையாவுக்கு இரண்டு கிட்னியும் போய், பாயான் பாருவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே டயலிசிஸ் செய்துகொண்டிருக்கிறார். மகள் பிரமிளாவுக்குக் கல்யாணம் கூடி வந்ததும், கார்டை லோகாதான் அடிக்கணும் என்று அவர் மனைவி நல்லம்மாள் கனி பாய் கடையில் சொல்லிவிட்டார்.

பெயர்கள் வந்த அன்று லோகேஸ்வரி கைக்கு மருந்து வாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கூட்டாளி வீட்டு வேலை, நாமே முடித்து வைப்போம் என்று தயாளன் அண்ணன் உட்கார்ந்தார். பொண்ணு பேர், மாப்பிள்ளை தனேஷ் பேர், அம்மா பேர், அப்பா பேர். பழைய கார்டு ஒன்றைத் திறந்தார். கண்ட்ரோல் எச். தட்டினார், தட்டினார், தட்டினார். அரிசி கொதி வருவதற்குள் வேலை முடிந்து கடைக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் படித்துப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தாச்சு என்றார். கையில் பட்டி கட்டியிருந்த வலியில் அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. கடையிலிருந்து மாதிரியைப் போனில் அனுப்பியபோது நல்லம்மாள் கும்பிடு படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். பிரமிளா பார்த்தது இங்கிலீஷ் பக்கத்தை. அதைக் கடையிலேயே அடித்திருந்தார்கள், அதில் தப்பே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கார்டில் தமிழ்ப் பக்கத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

முதல் கார்டுகளுக்கு மூலையில் மஞ்சள் தடவி, சாமி காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு, தாய்மாமனுக்கு முதலில் வைக்க வேண்டும் என்று நல்லம்மாள் பைராம் தோட்டத்துக்குப் போனார். அவருடைய அண்ணன் தங்கராஜு அங்கேதான் இருக்கிறார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு கார்டை வாங்கி, வந்திருந்த பங்காளிகள் எல்லாம் கேட்க, நல்ல குரலில் படித்திருக்கிறார். படித்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார்.

நல்லம்மாள் அங்கிருந்து நேரே எங்கள் மாடிக்கு வந்தார். சாயங்கால வெயில் நடைபாதையில் பாதி வரைக்கும் கிடந்தது. நான் வாசலில் உட்கார்ந்து வேலைக்குப் போடும் பூட்சைக் கழுவிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் லோகேஸ்வரி வீட்டு வாசலில் நின்று கார்டை நீட்டினார்.

"படி" என்றார்.

லோகேஸ்வரி வாங்கிப் படித்தாள். அவள் கண் ஓர் இடத்தில் நின்றது. அப்புறம் சமையலறைப் பக்கம் ஒரு தடவை போனது. போன வேகத்தில் திரும்பிவிட்டது.

"அக்கா."

"சத்தமா படிலா. எங்கண்ணன் வீட்டுல அத்தன பேரு முன்னாடி படிச்சாரு. நீயும் படி."

லோகேஸ்வரி படிக்கவில்லை. நல்லம்மாளே சொன்னார். காலஞ்சென்ற திரு. சின்னையா. அப்புறம்தான் அழுகை வந்தது அவருக்கு.

"வாரத்துல மூணு நாளு அந்த மனுசன மெசின்ல போட்டு, இருக்கிற ரத்தத்த எடுத்துக் கழுவி ஏத்தி, இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கேன். நீ ஒக்காந்த எடத்துல ஒரு வார்த்தையில முடிச்சிட்டியேடி."

"தப்புதான்க்கா."

"பொட்டு வெச்சிட்டு நிக்கிறேன். தாலி கழுத்துல கெடக்குது. இந்தக் கார்டை சாமி கால்ல வெச்சு எடுத்துட்டு வந்தேன். சாமிகிட்ட நான் என்னா சொல்லிட்டு வந்திருக்கேன்னு பாரு."

"என் பேர்ல போன வேலைக்கா. என் பொறுப்புதான். வேற அடிச்சுத் தரேன்."

"யாரு தொடுவா இனிமே ஒன் கார்டை? கை முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கலாம்ல. எதுக்கு வாங்குன?"

எங்கள் கட்டடத்தில் சமையலறை ஜன்னல் நடைபாதையைப் பார்த்துத்தான் இருக்கும். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து உள்ளே தெரிந்தது. நல்லம்மாள் வந்ததைப் பார்த்ததும் தண்ணி கொடுக்கலாம் என்று தயாளன் அண்ணன் கிளாசோடு குழாயடிக்குப் போயிருக்கிறார். கிளாஸ் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வாசலில் பேச்சு ஏற ஏற அவர் குழாயை மூடினார். வெளியே வரப்போகிறார் என்று நினைத்தேன். வரவில்லை. அந்தத் தண்ணியை அவரே குடித்தார். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். நான் பூட்சைத் திருப்பி அடியைத் தேய்த்தேன்.

நல்லம்மாள் போன பிறகு கனி பாய் போன் செய்தார். அவர் திட்டவில்லை. கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள் லோகா, அதுவரைக்கும் தமிழ் வேலையை வேறு ஆளிடம் பார்த்துக்கொள்கிறேன் என்று மரியாதையாகச் சொன்னாராம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுகிறவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு அவள் டின் சார்டினில் குழம்பு வைத்தாள். வெங்காயம் வதங்கும் மணமும் புளி மணமும் வந்தன, பேச்சுச் சத்தம் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவள் குரல் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது.

"படிச்சுப் பாத்தேன்னு சொன்னீங்க."

கரண்டியைச் சட்டியில் வைக்கும் சத்தம். அவளே தொடர்ந்தாள்.

"தப்பு பண்ணது போவுது. நானும் பண்ணியிருக்கேன். ஒருக்கா ஒரு வீட்டுல பேத்திய மருமகள்னு போட்டுட்டேன், போய்க் கால்ல விழாத கொறையா சொல்லிட்டு வந்தேன். அந்தக்கா என்னைய வாசல்ல வெச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கிறப்ப நீங்க உள்ள நின்னு தண்ணி குடிச்சீங்க. அதத்தான் என்னால முழுங்க முடியல."

"வெளிய வந்து என்னான்னு சொல்றது லோகா? வேல வெட்டி இல்லாம பொண்டாட்டி கம்ப்யூட்டர்ல ஒக்காந்து கூட்டாளியக் கொன்னுட்டேன்னா?"

"ஆமா. அதானே நடந்துச்சு."

அப்புறம் தட்டுச் சத்தம். அவர் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் எனக்கு வேலை இல்லை. கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். தயாளன் அண்ணன் வந்தார், பால் இல்லாத கோப்பி ஓ சொன்னார். அதற்குள் அந்தக் கடைக்கே விஷயம் தெரிந்திருந்தது. ஒருத்தன் சின்னையாவுக்குக் காரியம் எப்போது என்று கேட்டான். இன்னொருத்தன் கல்யாணச் சாப்பாடும் காரியச் சாப்பாடும் ஒரே மண்டபத்தில் போட்டால் மிச்சம்தானே என்றான். சிரித்தார்கள். அது பரவாயில்லை. மீன் விற்கும் ஒரு பெரியவர், பொம்பளைகளை நம்பிக் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும், வீட்டுக்காரன் பார்த்து நடத்த வேண்டும் என்று தயாளன் அண்ணனிடமே சொன்னார். அண்ணன் கரண்டியால் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும். கோப்பியைக் குடிக்காமலே எழுந்து வெளியே போனார். நானும் எழுந்தேன்.

"தம்பி, ஒன் மோட்டார்ல என்னைய பாயான் பாருல கொண்டி விடுறியா? முட்டி மடங்க மாட்டேங்குது" என்றார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்களோடு நாங்களும் ஒதுங்கினோம். ஃபேக்டரி பனியன் போட்ட பையன்கள், சாப்பாடு கொண்டுபோகிறவர்கள், பிள்ளையை முன்னால் வைத்திருந்த ஒரு மலாய்க்காரம்மா எல்லாரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கேதான் அவர் எனக்கு எப்படி நடந்தது என்று சொன்னார். எடுத்துத் திறந்த பழைய கார்டில் பெண்ணுக்கு அப்பா இல்லை. இறந்துபோனவர். தமிழ்க் கார்டில் இறந்த அப்பாவை விட்டுவிட முடியாது, பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டுச் சேர்த்துக்கொள்வதுதான் முறை. இவர் அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிட்டுச் சின்னையா பெயரை வைத்தார். முன்னால் இருந்த சொல் அப்படியே நின்றுவிட்டது.

"பலகை மாறல தம்பி. பலகை மேல இருந்த பெட்டிதான் மாறுச்சு. நான் பெட்டியத்தான் பாத்தேன்" என்றார்.

ஏன் அன்றைக்கே வெளியே வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். பயம் இல்லையாம். வேலை போன அன்றைக்குக்கூட யார் முன்னாலும் தலை குனியவில்லையாம், ஏனென்றால் அது அவர் தப்பு இல்லை. அதற்குப் பிறகு அவருக்கென்று கிடைத்தது இந்த ஒரு வித்தைதான். அதுவும் தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டால் அப்புறம் கையில் என்ன இருக்கிறது என்று தோன்றியதாம். சொல்லி முடித்துவிட்டு, "அதுக்குப் பதிலா அவ கைய ஒடிச்சிட்டேன்" என்றார். மழை விட்டதும் கிளம்பினோம்.

சின்னையா வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. அன்று அவருக்கு மெஷின் இல்லாத நாள். சட்டை இல்லாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஊசி போட்டுப் போட்டு இடது கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்து நின்றது. தண்ணி அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்பதால் ஒரு கிண்ணத்தில் ஐஸ் கட்டிகளை வைத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாடா. எடுக்கிறதுக்கு வந்தியா, இல்ல பதினாறுக்கா?" என்றார்.

தயாளன் அண்ணனுக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே சொன்னார்.

"கார்டை நான்தான் பண்ணேன். லோகா இல்ல. அவ அன்னிக்கு வீட்டுலயே இல்ல."

சின்னையா ஐஸைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பார்த்தார். "நீயா? நீ எங்கடா டைப் அடிச்ச?"

"டைப் அடிக்கல. தூக்கி வெச்சேன்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். கண்ட்ரோல், எச், பழைய கட்டம், புதுக் கட்டம். கேட்கக் கேட்கச் சின்னையாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"கெடங்குல ஒரு தடவ மருந்துப் பெட்டிய நாய்த் தீனி ரேக்குல வெச்சவன்தானே நீ" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நல்லம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"கனி பாய்கிட்ட?"

"இல்ல. மொதல்ல ஒன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"என்கிட்ட எதுக்கு? எனக்கு இதுல ஒண்ணும் போவல. ஏற்கெனவே பாதி போனவன். என்கிட்ட சொல்றது ஈசிடா, நான் சிரிச்சிருவேன்னு ஒனக்குத் தெரியும். யாருகிட்ட சொன்னா வலிக்குமோ அவங்ககிட்ட இன்னும் போவல நீ."

வெளியே லிப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சின்னையா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பாசார்லேர்ந்து வர்றா. இரு. ஓடிராத."

நல்லம்மாள் இரண்டு கையிலும் பையோடு உள்ளே வந்தார். தயாளன் அண்ணனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போகப் பார்த்தார். தயாளன் அண்ணன் வழியை மறித்து நின்றார். மறிக்க வேண்டும் என்று நினைத்தாரா, கால் நகரவில்லையா என்று தெரியவில்லை.

"அக்கா, நீங்க லோகாவ வந்து கேட்டப்ப நான் உள்ளதான் இருந்தேன். கார்டு பண்ணது நான். அவ என்னைக் காட்டிக் குடுக்கல. நானும் வெளிய வரல."

நல்லம்மாள் பைகளைக் கீழே வைக்கவில்லை. கங்கோங் கீரைக் கட்டிலிருந்து தண்ணி சொட்டியது.

"உள்ள இருந்தியா?"

"இருந்தேன்க்கா."

"நான் அவளைப் பேசுனது பூராவும் கேட்டியா?"

"கேட்டேன்."

"கையப் பத்திகூடப் பேசிட்டேனே அவள" என்று நல்லம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். நல்லம்மாள் கத்துவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கத்தவில்லை. "நகரு தம்பி, கீர வாடுது" என்று மட்டும் சொன்னார். தயாளன் அண்ணனை அவர் தம்பி என்றுதான் எப்போதும் கூப்பிடுவார். அன்றைக்கு அது யாரோ தெரியாத ஆளைக் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

திரும்பும் வழியில் கனி பாய் கடையில் நிறுத்தச் சொன்னார். அச்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள், கடைப் பையன்கள் இருந்தார்கள். நான்தான் பண்ணேன், லோகா இல்ல என்று இரண்டு தடவை கத்தினார். முதல் தடவை கனி பாய்க்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொல்லும்போது யாரோ மெஷினை நிறுத்திவிட்டார்கள். கடை முழுக்க அந்தக் குரல் மட்டும் நின்றது. கனி பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை நாள் வந்த வேலையில் எது லோகா, எது நீங்க என்று கேட்டார். அண்ணனுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, இந்தக் கார்டை லோகாவே அடிக்கட்டும், ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் நேரில் இருந்து கேட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் மெஷினில் ஏற்றுவேன் என்றார். அதற்கு மேல் லோகாவின் வேலையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னையாவும் நல்லம்மாளும் வந்தார்கள். மூன்று மாடி. லிப்ட் கெட்டுக் கிடந்ததால் சின்னையாவை நானும் அண்ணனும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, செத்தவனை மேலே தூக்கிக்கொண்டு போகிற ஊர் இது ஒன்றுதான் என்றார். ஏற்கெனவே கார்டு போன வீடுகளுக்கெல்லாம் அவரே போன் போட்டு, நான்தான் பேசுறேன், குரல் அடையாளம் தெரியுதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

லோகேஸ்வரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் பட்டி. நல்லம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் நல்லம்மாள் குனிந்துகொண்டு பேசினார்.

"எனக்குப் போன்ல வந்துச்சு லோகா, அடிக்கிறதுக்கு முன்னாடி. நானும் படிக்கல. கலரத்தான் பாத்தேன். செவப்பு நல்லா இருக்கான்னு பாத்தேன். ஒன்னைய அந்தப் பேச்சுப் பேசிட்டுப் போயி, அன்னிக்கிப் படுக்கறப்பதான் நெனப்பு வந்துச்சு. வந்து சொல்லல."

"விடுங்கக்கா."

"ஒன் கையத் தொட்டுப் பேசிருக்கக் கூடாது."

லோகேஸ்வரி நல்லம்மாளின் கையை ஒரு தடவை அமுக்கிவிட்டு விட்டாள். தயாளன் அண்ணன் பின்னால் நின்றுகொண்டு, பழைய ஃபைல் இருக்கிறது, அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் போதும், வலி இல்லாமல் முடிந்துவிடும் என்று மெதுவாகச் சொன்னார். அவள் அந்த ஃபைலைத் திறக்கவில்லை. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். முதல் எழுத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். வலது கையில் இரண்டு விரல்தான் வேலை செய்தன. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்திக் கையை உதறிக்கொண்டாள். அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை உட்காரச் சொல்லவும் யாரும் இல்லை, போகச் சொல்லவும் யாரும் இல்லை. அவரே போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சின்னையாவுக்கு மட்டும் அரைக் கிளாஸ்.

அடித்து முடித்ததும் யாராவது சத்தமாகப் படிக்கட்டும், கேட்டுவிட்டுச் சரி சொல்கிறேன் என்று சின்னையா சொன்னார். எனக்கும் படிக்கத் தெரியும், நான் படிக்கிறேன் என்று எழுந்தேன்.

"அவர் படிக்கட்டும்" என்றாள் லோகேஸ்வரி.

குழம்பு வைத்த அந்த ராத்திரிக்குப் பிறகு அவரைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை அது. தயாளன் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் குனிந்தார். எழுத்துக் கூட்டித்தான் வந்தது. நிகழும் மங்களகரமான என்பதற்கே நேரம் பிடித்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கியது. தன் கையால் தூக்கி வைத்த சொற்களை அவர் முதல் தடவையாக வாயால் தொட்டார்.

"பாயான் பாரு... திரு..."

நின்றார். அந்த இடத்தில் இப்போது வேறு சொல் எதுவும் இல்லை. பெயர்தான் இருந்தது. இருந்தும் அவர் நாக்கு அங்கே நின்றுவிட்டது. விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார்.

"சி... ன்... னை... யா."

"இருக்கேன்" என்றார் நாற்காலியிலிருந்து சின்னையா.

நல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தயாளன் அண்ணன் சிரிக்கவில்லை. விரலை எடுக்காமல் அதே எழுத்தில் வைத்துக்கொண்டு நின்றார். லோகேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுத்த வரி" என்றாள்.